வாறண்டி இருக்கு, வாகனம் திருந்தவில்லை: வன்னியில் இருந்துகொண்டு கொம்பனியோடு மல்லுக்கட்டுவது எப்படி

2025 ஆவணியில் எடுத்த புதுக் கார். புரட்டாதி நடுவில், பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகிற ஏ35 வீதியில் விசுவமடு தாண்டினவுடன் முதல் தரம் படுத்தது. உச்சி வெயில். டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் லைற் பற்றிக்கொண்டது. அக்சிலேற்றரை எவ்வளவு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் ஏறவில்லை. பின்னால் வந்த மணல் டிப்பர்காரன் ஹோர்ன் அடித்தே என்னைக் கரைக்குத் தள்ளினான். ஒரு பாலை மர நிழலில் விட்டு, இருபது நிமிசம் கழித்து ஸ்ராட் பண்ணினால் லைற்றும் இல்லை, இழுவைக் குறையும் இல்லை.

வாங்கின இடம் யாழ்ப்பாணத்தில். எங்கள் வீட்டிலிருந்து போக நூறு கிலோமீற்றர், வர நூறு. காலையில் விட்டேன், பின்னேரம் சாவியைத் தந்தார்கள்.

“அண்ணை, நாங்கள் ஓடிப் பாத்தம், ஒண்டும் இல்லை. எண்ணெய் அடிக்கிற செட்டை மாத்திப் பாருங்கோ.”

ஒரு கிழமையில் திரும்பவும் படுத்தது. திரும்பவும் போனேன், அதே பதில். இரண்டு பயணத்திலும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது பளையில் வாங்கின தேங்காய்கள்தான். ஒரு துண்டுக் கடதாசி கூடக் கொண்டுவரவில்லை. மூன்றாம் தரம்தான் புத்தி வந்தது. அந்த அனுபவத்தோடு, எனக்கு முன்னும் பின்னும் இதே வழியால் போய் வந்த சொந்தக்காரர், அயலவரின் கதைகளையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொழும்பில் இருப்பவன் கோபம் வந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வரலாம். மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் இருப்பவனுக்கு ஒவ்வொரு சண்டையும் ஒரு நாள் உழைப்பு. நாங்கள் களைத்து விட்டுவிடுவோம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

வாறண்டி தந்தது யார்?

சண்டைக்குப் போக முந்தி யாரோடு சண்டை என்று தெரிந்திருக்க வேண்டும். 2020 பங்குனியில் நிறுத்தின வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 ஆம் திகதிதான் திறந்தது. அதுக்குப் பிறகு புதுசு, யப்பானில் ஓடினது என்று எல்லாம் கலந்து வந்திறங்கின. வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பளபளப்பு. வாறண்டியைப் பொறுத்தவரை மூன்று சாதி.

உற்பத்திக் கொம்பனியின் இலங்கை முகவர் விற்றது முதலாவது. இதுக்கு அச்சடித்த புத்தகம் இருக்கும். பெரும்பாலும் மூன்று வருசம் அல்லது ஒரு இலட்சம் கிலோமீற்றர், எது முந்துதோ அது. ஹயர் ஓடுகிறவர்கள் இந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். வவுனியா, கொழும்பு என்று ஓடினால் வருசக் கணக்கை முந்திக் கிலோமீற்றர் முடிந்துவிடும்.

இரண்டாவது, கார் சேல்காரர் தானாக இறக்கி விற்றது. வாகனத்தின் பெயர் உலகப் பெயராக இருக்கலாம், ஆனால் அந்தப் பெயருக்குரிய இலங்கை முகவர் “நாங்கள் விக்கேல்லை” என்று கையை விரிக்கலாம். உங்களுக்கு வாக்குத் தந்தது கார் சேல்காரர் மட்டும்தான்.

மூன்றாவது வாய்ச்சொல். என் மச்சான் வவுனியாவில் எடுத்த வாகனத்துக்கு “ஆறு மாசம் நாங்கள் பொறுப்பு, பயப்பிடாதேங்கோ” என்றார்கள். பில்லில் அப்படி ஒரு வரி இல்லை. இரண்டாம் மாதம் கியர் பெட்டி உதறத் தொடங்க, சொன்னவர் அங்கு வேலையை விட்டே போய்விட்டார். காசு கொடுக்கும் நாளில் பில்லின் அடியில் “எஞ்சின், கியர் பெட்டிக்கு ஆறு மாத உத்தரவாதம்” என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்தச் சொல்லியிருந்தால் போதும். எழுதமாட்டேன் என்றால் அதுவே பதில்தான், காசோடு திரும்பி வாருங்கள்.

புத்தகம் கையில் இருந்தால் ஒரு இரவு இருந்து வாசியுங்கள். இங்கிலீசில் இருந்தால் கம்பஸ் போகும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் இருத்துங்கள். எது சேராது என்ற பக்கத்தை முதலில். பிறேக் பாட், கிளச் தட்டு, வைப்பர், பல்ப் போன்ற தேயும் சாமான்கள் சேராது. ரயருக்கும் பற்றரிக்கும் பெரும்பாலும் தனி வாறண்டி. வெள்ளம், விபத்து, அளவுக்கு மிஞ்சின பாரம், வெளியில் பூட்டின மின்சாமான்கள் சேராது. கட்டியிழுக்கிற செலவு யாருடையது என்றும் பாருங்கள். நெடுங்கேணியில் இரவு படுத்த வாகனத்தை யாழ்ப்பாணம் கொண்டுபோகிற கூலி சின்னத் தொகை இல்லை. காப்புறுதியில் வீதி உதவி சேர்ந்திருக்கிறதோ என்று அதையும் சேர்த்தே பாருங்கள்.

றோட்டில் நிற்கும்போது

குறை வந்த கணத்தில் ஃபோனை எடுங்கள். பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பது எங்கள் ஆட்களின் கைப்பழக்கம். அது பிறகு. முதலில் டாஷ்போர்ட்டை வீடியோ எடுங்கள்: எரிகிற லைற், ஓடின கிலோமீற்றர், சூட்டு முள்ளு எல்லாம் ஒரே காட்சியில் விழ வேண்டும். சத்தம் என்றால் கண்ணாடிகளை மூடி, ஏசி, றேடியோ நிறுத்திவிட்டு எடுங்கள். எடுத்துக்கொண்டே வாயால் சொல்லுங்கள்: “இண்டைக்கு இன்ன திகதி, பன்னிரண்டரை, விசுவமடு தாண்டி, அறுபதில வந்தனான், ஏசி போட்டிருந்தனான்.” வாகனம் ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும்.

கொப்பி ஒன்று டாஷ்போர்ட் பெட்டிக்குள் வையுங்கள். திகதி, நேரம், இடம், மீற்றர், வெயிலா மழையா, எத்தனை பேர் ஏறியிருந்தார்கள், கடைசியாக எண்ணெய் அடித்த செட். எண்ணெய்ப் பில்லையும் அந்தப் பக்கத்திலேயே குத்தி வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிறேக், ஸ்ரியரிங், எயார்பாக், எண்ணெய் ஒழுக்கு என்றால் ஓட்டிக்கொண்டு போகவே வேண்டாம். அந்த இடத்திலிருந்தே கொம்பனிக்கு அடித்து, “இதை ஓட்டிக்கொண்டு வாறது ஆபத்து, என்ன செய்யச் சொல்லுறியள்” என்று கேளுங்கள். வைத்த கையோடு அதையே வட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள். ஃபோனில் கதைத்தது காற்றோடு போய்விடும்.

சந்தியில் இருக்கிற கராஜ்காரரிடம் கழற்றக் கொடுக்காதீர்கள். அவருக்கு வேலை தெரியாது என்பதுக்காக இல்லை. சில வேளை கொம்பனி ஆட்களை விட வடிவாகத் தெரியும். அவர் ஒரு நட்டைத் திருப்பினால் குறை முழுக்க அவர் தலையில் கட்டப்படும். ஸ்கானர் பூட்டி வாசிக்க மட்டும் விடுங்கள். அழிக்க விடாதீர்கள்.

ஜொப் காட்

முழுச் சண்டையும் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சேர்விஸுக்கு வாகனத்தை விடும்போது ஒரு தம்பி வந்து நாங்கள் சொல்வதைக் கேட்டு ஜொப் காட்டில் எழுதுவார். நான் முதல் நாள் கால் மணித்தியாலம் கதை சொன்னேன்: வெயில், விசுவமடு, நாற்பதுக்கு மேல் ஏறாதது, இருபது நிமிசத்தில் சுகமானது. அவர் இங்கிலீசில் எழுதினது மூன்று சொல். “எஞ்சின் லைற் செக்.” நான் கீழே கையெழுத்து வைத்தேன். பின்னேரம் அதே தாளில் வேலை என்ற இடத்தில் “றீசெற்” என்று இருந்தது. கம்பியூட்டர் சேமித்து வைத்திருந்த குறைக் குறியை வாசித்துக் குறித்துவைக்காமல் அழித்துவிட்டார்கள். அழித்துவிட்டு ஒண்டும் இல்லை என்றார்கள். அந்தத் தாளின் பிரதியையும் நான் கேட்டு வாங்கவில்லை.

இரண்டாம் முறையும் அதே சொல், அதே றீசெற். பொய் சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன். வரிசையில் பதினைந்து வாகனம், லைற் அணைந்தால் வேலை முடிந்தது என்று கணக்கு. ஆனால் ஒரே குறைக்கு இரண்டு தரம் வந்தேன் என்பதுக்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லாமல் போனது.

இப்போது நான் செய்வது இது. வீட்டிலேயே குறையைத் தமிழில் ஐந்தாறு வரியில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போவேன். ஒன்றை ஜொப் காட்டோடு குத்தச் சொல்வேன். மற்றதில் அவர்களின் திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குவேன். “சேர், சிஸ்டத்தில இவ்வளவும் அடிக்கேலாது” என்றால், “அடிக்க வேண்டாம் தம்பி, இணைப்பு இருக்கு எண்டு மட்டும் அடியுங்கோ” என்பேன். சிங்களத்திலோ இங்கிலீசிலோ எழுதின தாளில் கையெழுத்துக் கேட்டால், ஒவ்வொரு வரியும் என்ன என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. விளங்காத வரி இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் “குறை தீர்ந்ததோ என்று இன்னும் தெரியாது” என்று தமிழில் எழுதிவிட்டு வையுங்கள்.

உள்ளே போன மீற்றரையும் வெளியே வந்த மீற்றரையும் படம் எடுங்கள். “நாற்பது கிலோமீற்றர் ஓடிப் பாத்தம்” என்று சொன்ன ஒரு நாள் என் மீற்றர் மூன்று கூடியிருந்தது. அந்தப் படத்தை மனேஜரின் மேசையில் வைத்த பிறகு அவர் கதைத்த தொனியே வேறு.

சாமான் மாற்றினால் பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். வாறண்டியில் மாற்றினது கொம்பனிக்குத் திரும்பப் போகும், உங்களுக்குத் தரமாட்டார்கள். பார்க்கவும் படம் எடுக்கவும் கேட்கலாம். பில் பூச்சியம் ரூபாய் என்றாலும் பில் வேண்டும். வாங்குகிறவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்கத்தான் வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு சொல்கிறது.

அவர்கள் சொல்லும் ஐந்து சாட்டு

“எண்ணெய் சரியில்லை.” வன்னி வாகனம் என்றால் முதலில் வருவது இதுதான். டீசலில் மண்ணெண்ணெய் கலக்கிறது, போத்தலில் பெற்றோல் விற்கிறது என்று எங்கள் பக்கத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. சில காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. பதில்: கொப்பியில் குத்தின எண்ணெய்ப் பில். “மூன்று வேறு செட்டில அடிச்சிருக்கிறன், மூன்று தரமும் குறை வந்தது. கலப்படம் எண்டால் ராங்கில இருந்து மாதிரி எடுத்துச் சோதிச்சு அறிக்கை தாங்கோ.” அறிக்கை என்ற சொல் கேட்டவுடன் அந்தச் சாட்டு பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும்.

“உங்கட றோட்டு அப்பிடி.” இதுக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. கிரவல் றோட்டில் சஸ்பென்சன் புஷ், எயார் ஃபில்ட்டர் எல்லாம் கெதியாகப் போகும். புழுதிக்குள் ஓடும் வாகனத்துக்குச் சேர்விஸ் இடைவெளியைக் குறைக்கச் சொல்லிப் புத்தகத்திலேயே இருக்கும். அதைச் செய்திருக்கிறீர்களோ என்று உங்களையே முதலில் கேளுங்கள். செய்திருந்தால், கிரவல் றோட்டுக்கும் எஞ்சின் லைற்றுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

“எலி கடிச்சிருக்கு.” சிரிக்க வேண்டாம், நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில் வாகனம் விடுகிற ஊரில் இது நடக்கிறதுதான். எலி கடித்தது வாறண்டியில் சேராது. கடிபட்ட வயரைக் காட்டச் சொல்லுங்கள். பல்லுத் தடத்துக்கும் உரசித் தேய்ந்ததுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

“வெளியில சேர்விஸ் செய்திருக்கிறியள்.” இதில் பலர் நியாயமாகவே மாட்டுகிறார்கள். வாறண்டிக் காலம் முடியும்வரை நூறு கிலோமீற்றர் போனாலும் சேர்விஸைக் குறித்த இடத்திலேயே செய்யுங்கள். அவசரத்துக்கு ஒயில் மட்டும் வெளியில் மாற்றினால் ஒயிலின் தரம், ஃபில்ட்டர் இலக்கம், மீற்றர் எல்லாம் பில்லில் ஏற வேண்டும். கூடுதல் லைற், அலாரம், பெரிய செற் எல்லாம் வாறண்டிக்குப் பிறகு பூட்டலாம். அந்த ஒரு வயர் வெட்டைக் காட்டியே முழு மின்சாரத்தையும் தட்டிக் கழிப்பார்கள்.

“வெள்ளத்துக்குள்ள ஓடியிருக்கிறியள்.” கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் பாயாத றோட்டு வன்னியில் எங்கே இருக்கிறது? இதுக்கு ஒரே பாதுகாப்பு மழைக்கு முந்தின ஆதாரம். குறை புரட்டாதியில் வந்து புரட்டாதியிலேயே எழுத்தில் கொடுத்திருந்தால் மார்கழி வெள்ளத்தை அதன் மேல் ஏற்ற முடியாது.

வெயிலுக்குள் ஓட்டிக் காட்டின நாள்

இருந்திட்டு வரும் குறைதான் பெரிய தலையிடி. டொக்டரிடம் போகும்போது மாறிவிடுகிற காய்ச்சல் மாதிரி. நான் மூன்றாம் தரம் நேரே யாழ்ப்பாணம் போகவில்லை. குறை வந்த கையோடு கிளிநொச்சிக்கு ஓட்டினேன். அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகத்தில் படித்த பொடியன் ஒருவன் கராஜ் வைத்திருக்கிறான். ஸ்கானரைப் பூட்டி வாசித்தான்: குறைக் குறி பி 2135. கூடவே குறை வந்த அந்தக் கணத்தில் கம்பியூட்டர் தானாகப் பதிந்துவைத்த கணக்கு. கராஜ்காரர் அதை ஃபிறீஸ் ஃபிரேம் என்பார்கள். வேகம் 62, எஞ்சின் சூடு 96 பாகை.

அவன் விளக்கின விதம் இப்பவும் நினைவில் இருக்கு. “அண்ணை, எஞ்சினுக்குக் காத்து விடுற கதவு எவ்வளவு திறந்திருக்கு எண்டு பாக்க ரெண்டு காவல்காரர் இருக்கினம். ரெண்டு பேரும் ஒரே கணக்குச் சொல்லோணும். வேற வேறயாச் சொன்னால் கம்பியூட்டர் ஒருத்தரையும் நம்பாது, வேகத்தைக் கட்டிப்போடும்.” காவல்காரன் கெட்டிருக்கலாம், அல்லது அவனுடைய வயர் சூட்டில் இளகி விட்டு விட்டுப் பிடிக்கலாம். அழிக்காமல், திரையைப் படம் எடுத்து, தன் கராஜ் தாளில் திகதியோடு இரண்டு வரி எழுதித் தந்தான்.

அடுத்த நாள் அதை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: ஸ்கானரைப் பூட்டினபடி உங்கள் ஆள் என்னோடு ஏற வேண்டும், காலையில் இல்லை, பன்னிரண்டு மணிக்கு. ஆனையிறவு வெளிக்குப் போய்த் திரும்பி வரும்போது, இயக்கச்சி கிட்ட, லைற் எரிந்தது. அந்தத் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, “ஓமண்ணை, வந்திட்டுது” என்றான். குறை வந்ததுக்காக நான் சந்தோசப்பட்ட ஒரே நாள் அதுதான். அந்தக் கதவுக்குப் போகிற வயரின் சொக்கற்றுக்குள் ஒரு பின் தளர்ந்திருந்தது. சொக்கற்றையும் வயரையும் வாறண்டியில் மாற்றினார்கள். அதுக்குப் பிறகு வரவில்லை.

ஆகவே உங்கள் குறை எப்போது வருகிறதோ அந்த நிலைமையை அவர்கள் கண் முன்னால் உண்டாக்குங்கள். பாரம் ஏற்றினால் வருகிறது என்றால் மூட்டையோடு போங்கள். விடியக் காலையில் குளிர் எஞ்சினில் வருகிறது என்றால் முதல் நாள் பின்னேரமே விட்டு, காலையில் அவர்கள் ஸ்ராட் பண்ணும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

இன்னொன்று. அதே குறை அதே மொடலில் உலகம் முழுக்க இருக்கலாம். ஹொண்டா ஃபிற் ஹைபிரிட், வெசல் ஹைபிரிட் வாகனங்களை 2013, 2014 ஆம் ஆண்டுகளில் ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டியின் மென்பொருளுக்காக யப்பானில் பல தரம் திருப்பி அழைத்தார்கள். எயார்பாக்குக்காக தக்காத்தா கொம்பனியின் சாமான் பூட்டின வாகனங்களைப் பல நாடுகளில் அழைத்தார்கள். யப்பானியக் கொம்பனிகளின் தளங்களில் செசி இலக்கத்தை அடித்தால் உங்கள் வாகனம் பட்டியலில் இருக்கிறதோ என்று தெரியும். இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் போடுங்கள். “ஒண்டும் இல்லை” என்று பிறகு சொல்வது கடினம்.

கடிதம்

இரண்டு தரம் கொடுத்தும் குறை திரும்பினால் மூன்றாம் தரம் கடிதத்தோடு போங்கள். கிளை மனேஜருக்கு எழுதி, கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பிரதி. லீசிங்கில் எடுத்திருந்தால் லீசிங் கொம்பனிக்கும் ஒன்று. வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது அவர்களின் பெயர், அவர்களின் சொத்துத்தான் கராஜில் கிடக்கிறது. கையில் கொடுத்தால் முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபால். தபாற் கந்தோர் தரும் துண்டைக் கடிதப் பிரதியில் ஒட்டிவிடுங்கள். ஏச வேண்டாம். ஏசின கடிதம் வாசிக்க நல்லாக இருக்கும், விசாரணையில் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். என் அளவில் இப்படி:

“மேற்படி இலக்க வாகனத்தை ........ திகதி உங்களிடம் வாங்கினேன். ........ திகதி, மீற்றர் ........ இல், வெயில் நேரம் ஓடும்போது எஞ்சின் லைற் எரிந்து வேகம் 40 இற்கு மேல் ஏறாத குறை வந்தது. ........, ........ ஆகிய திகதிகளில் உங்கள் சேர்விஸில் ஒப்படைத்தேன் (ஜொப் காட் பிரதிகள் இணைப்பு). இரண்டு தடவையும் குறை தீரவில்லை. காரணத்தைக் கண்டு வாறண்டியின் கீழ் திருத்தித் தருமாறும், வாறண்டியில் சேராது என்பது உங்கள் நிலைப்பாடானால் எந்த நிபந்தனையின் கீழ் என்பதை எழுத்தில் தருமாறும் கேட்கிறேன். 14 நாட்களுக்குள் பதில் இல்லாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன்.”

இவ்வளவும் போதும். எந்த நிபந்தனையின் கீழ் என்ற அந்தச் சொற்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள். எழுத்தில் மறுப்பதுக்கு யாருக்கும் விருப்பம் இல்லை. பல பேரின் அலுவல் அந்த இடத்தில்தான் அசையத் தொடங்கியது.

முகப்புத்தகத்தில் போடலாமோ என்று கேட்பார்கள். பதில் வரும்வரை பொறுங்கள். போட்டால் திகதி, மீற்றர், படம் மட்டும். “கள்ளர்” என்று ஒரு சொல் விழுந்தால் கதை வாகனத்தை விட்டு உங்கள் வாய்க்கு மாறிவிடும்.

கச்சேரிக்குப் போகிற நேரம்

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவுதான் எங்களுக்கு வேண்டியது. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருள் பற்றின முறைப்பாட்டை அதிகார சபை விசாரிக்கலாம். முறைப்பாடு சரி என்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதக் காலக்கெடு ஒன்று அதில் இருக்கிறது, ஆகவே “அடுத்த சேர்விஸில பாப்பம்” என்று இழுபடாதீர்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற வாதத்துக்கே இடம் வைக்காமல், குறை தெரிந்து முதல் மறுப்பு வந்தவுடன் கொடுத்துவிடுங்கள். 32 ஆம் பிரிவு வேறு ஒரு கை: சேவை செய்கிறவர் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கும். திருத்துகிறோம் என்று எடுத்துப் பழுதாக்கித் தந்தவர்களுக்கு அது பொருந்தும்.

அதிகார சபையின் மாவட்ட அலுவலகம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்கும். 1977 க்கு அடித்தும் கேட்கலாம். தமிழிலேயே எழுதுங்கள், தமிழ் அரச கரும மொழி. கொண்டுபோக வேண்டியது: வாங்கின பில், வாறண்டிப் புத்தகத்தின் பிரதி, ஜொப் காட்கள், கடிதமும் தபால் துண்டும், படங்களின் அச்சு. எல்லாம் திகதி வரிசையில். மேலே ஒரு பக்கத்தில் திகதிக்கு ஒரு வரியாகச் சுருக்கம். அலுவலர் மேசையில் இருக்கிற கோப்புக் குவியலுக்குள் உங்களுடையது முதல் வாசிப்பில் விளங்க வேண்டும். என்ன வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: திருத்தமா, சாமான் மாற்றமா, காசா. “நீதி வேண்டும்” என்று எழுதினால் அவர் என்ன செய்வார்?

பிறகு இரு தரப்பையும் விசாரணைக்கு அழைப்பார்கள். சட்டத்தரணி இல்லாமலே போகலாம். விசாரணைத் திகதி வந்தவுடன் கொம்பனியிலிருந்து ஃபோன் வரும், “சேர், வாகனத்தை ஒருக்காக் கொண்டு வாங்கோ, பாப்பம்.” கொண்டுபோங்கள், ஆனால் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்காதீர்கள். திருத்தி இரண்டு மூன்று கிழமை ஓடிப் பார்த்து, பிறகு எழுதிக் கொடுக்கலாம்.

நீதிமன்றம் கடைசி வழி. விற்கிற பொருள் நியாயமான தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே வருகிறது. எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்கு வைக்க, காலவிதிப்புச் சட்டப்படி, ஆறு வருசம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அலுவலகம் உண்டு. சட்டத்தரணி மூலம் போகும் ஒரு கடிதத்தோடேயே முடிகிற அலுவலும் இருக்கிறது. முப்பதாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு மூன்று வருசம் வழக்காடச் சொல்லமாட்டேன். எஞ்சின், கியர் பெட்டி, ஹைபிரிட் பற்றரி என்றால் யோசியுங்கள்.

கோபத்தில் லீசிங் கட்டாமல் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். “வாகனம் ஓடாது, நான் ஏன் கட்டோணும்?” கேள்வி நியாயம்தான். ஆனால் உங்கள் சண்டை விற்றவனோடு, கடன் வேறு ஆளிடம். இரண்டு தவணை விட்டால் குறையுள்ள வாகனத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு எந்த வாகனத்தைக் காட்டி முறையிடுவது? கட்டுங்கள். கட்டின துண்டுகளையும் கோப்பில் வையுங்கள், ஓடாத நாட்களின் நட்டத்தைக் கேட்கும்போது உதவும்.

வாறண்டி முடிகிற மாதம்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முடிய ஒரு மாதத்துக்கு முந்தி முழு வாகனத்தையும் ஒரு தரம் காட்டுங்கள். ஒயில் கசிவு, ஸ்ரியரிங் சத்தம், கதவு றப்பர், ஏசி குளிர் குறைவு என்று சின்னச் சின்னதாகச் சகித்துக்கொண்டு ஓடினதெல்லாம் ஒரு தாளில் எழுதி முத்திரை வாங்குங்கள். சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், இரண்டு மாதம் செல்லும் என்றால், குறையைக் காலத்துக்குள் சொல்லிவிட்டேன் என்பதை அவர்களின் கையெழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். கராஜில் கிடந்த நாட்களை வாறண்டியோடு கூட்டித் தரச் சொல்லியும் கேட்கலாம். தரவேண்டும் என்று புத்தகத்தில் இல்லாவிட்டாலும் கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சேராத சாமானுக்கும் “பாதிச் செலவு கொம்பனி பார்க்கட்டும்” என்று கேட்டு வாங்கினவர்கள் உண்டு. அதுக்கும் சேர்விஸ் எல்லாம் அங்கேயே செய்த வரலாறு இருந்தால்தான் முகம் கொடுத்துக் கதைப்பார்கள்.

என்னுடையது 2028 ஆவணியில் முடிகிறது. முன் இடது கதவுக்குள் ஒரு கிறுகிறுப்பு இப்பவே கேட்கத் தொடங்கிவிட்டது, ஏ35 இல் இல்லை, எங்கள் ஒழுங்கைக் கிரவலில் மட்டும். திகதி போட்டுக் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.